பாயைச் சுருட்டிய இன்னாசி

இன்னாசிமுத்து செத்து இரண்டு வருஷம் ஆகிறது. அதற்குள் கதை மாறிவிட்டது. பாஸ்கு மேடையில் அவன் எழுந்து நின்றான், மூன்றடி நடந்தான் என்று தங்கச்சிமடத்தில் பலர் சொல்கிறார்கள். அப்போது பிறந்தே இராத பயல்கள்கூடக் கண்ணால் கண்ட மாதிரிச் சொல்கிறார்கள். போன மாதம் டீக்கடையில் ஒருவன் என்னிடமே சொன்னான். பாதி டீயை வைத்துவிட்டு எழுந்து வந்துவிட்டேன்.

அவன் நிற்கவும் இல்லை, நடக்கவும் இல்லை. மேடைக் கூரை மேல் கயிறு பிடித்து நின்ற நாலு பேரில் நான் ஒருவன். நாலாங்கிளாஸோடு கடலுக்கு வந்தவன், எழுத்து எனக்கு அவ்வளவாக வராது. ஆனாலும் இதை எழுதி வைக்க வேண்டும். அவன் நடந்தான் என்று சொல்லிவிட்டால், அவன் அன்றைக்கு உண்மையில் செய்த காரியம் காணாமல் போய்விடும்.

பாஸ்கு என்பது உயிர்த்த ஞாயிறை ஒட்டி எங்கள் ஊரில் போடுகிற நாடகம். சேசுநாதர் ஊர் ஊராகப் போய்ப் புதுமைகள், அதாவது அற்புதங்கள், செய்வதில் தொடங்கி, பாடுபட்டு, மரித்து, உயிர்ப்பதில் முடியும். புதுமைகளைப் பொழுது சாயும் முன்பே முடித்துவிடுவார்கள். அதில் திமிர்வாதக்காரன் காட்சி ஒன்று. ஒருவனுக்குக் கைகால் விளங்காது. சேசு இருக்கிற வீட்டுக்குள் அவனைக் கொண்டுபோகக் கூட்டத்தில் வழி இல்லை. நாலு பேர் அவனைக் கூரைமேல் ஏற்றி, கூரையைப் பிரித்து, கட்டிலோடு கீழே இறக்குகிறார்கள். அந்த நாலு பேருடைய விசுவாசத்தைப் பார்த்து அவர் அவனைக் குணமாக்குகிறார். வேதத்தில் உள்ளது இவ்வளவுதான்.

1974இலிருந்து அந்தத் திமிர்வாதக்காரன் இன்னாசிதான். ஒல்லியான உடம்பு, எங்களுக்குத் தூக்க லேசு. நாங்கள் ஐந்து பேரும் ஒரே விசைப்படகில் போனவர்கள். இன்னாசி, நான், சந்தியாகு, கூத்தையா, பாம்பன் நெய்னா முகம்மது. கயிறு பிடித்து இறக்குவது எங்களுக்குத் தினசரி வேலை என்பதால் மிக்கேல் உபதேசியார் எங்களையே மேடையிலும் போட்டார். நாடகம் எழுதியதும் பழக்கியதும் அவர்தான். நெய்னா பெயர் வந்தபோது மட்டும் கொஞ்சம் இழுத்தார்.

"ஏன் உபதேசியாரே, அந்த நாலு பேரும் எந்தப் பங்குக் கோயில்னு வேதத்துல போட்டிருக்கா?" என்று நெய்னா கேட்டான். போடவில்லை. சேர்த்துக்கொண்டார்.

உபதேசியார் எழுதிக் கொடுத்த வசனம் எங்கள் பேச்சிலேயே இருக்கும். "எந்திரி. பாயைச் சுருட்டு. வீட்டுக்குப் போ." அது காதில் விழுந்ததும் இன்னாசி கட்டிலிலிருந்து துள்ளி விழுவான். பாயைச் சுருட்டித் தோளில் போட்டுக்கொண்டு ஒரு குட்டிக்கரணம் அடிப்பான். விசில் பறக்கும்.

"வேதத்துல குட்டிக்கரணம் எங்கலே இருக்கு?" என்று உபதேசியார் ஒவ்வொரு வருஷமும் திட்டுவார்.

"நடக்காமக் கெடந்தவன் நடந்தா சும்மாவா போவான்?" என்பான் இவன்.

1981 மழைக்காலம். வலையின் வாயை விரித்துப் பிடிப்பதற்கு இரும்புப் பட்டை அடித்த கனத்த மரப்பலகை ஒன்று உண்டு. மேலே தூக்கும்போது கம்பி அறுந்து அது ஊஞ்சல் மாதிரி வந்து இன்னாசியின் முதுகில் அடித்தது. ரோட்டுப் பாலம் இல்லாத காலம். ரயிலில் பாம்பன் பாலம் தாண்டி ராமநாதபுரம், அங்கிருந்து மதுரை. அங்கே டாக்டர் எங்களைக் கூப்பிட்டுச் சொன்னார். முதுகுத் தண்டில் நரம்பு அறுந்துவிட்டது, இடுப்புக்குக் கீழே இனி வராது. கை நன்றாக இருக்கிறது. உட்கார வையுங்கள், ஏதாவது வேலை கொடுங்கள், ஒரே இடத்தில் போட்டு வைக்காதீர்கள்.

அவன் பெண்டாட்டி அருளாயி பக்கத்தில்தான் நின்றாள். "டாக்டரு சொல்றது டாக்டருக்குத் தெரிஞ்சது. மாதாவுக்குத் தெரிஞ்சது வேற," என்றாள். ஊர் வந்த அன்றே கோயிலுக்குப் போய், வெள்ளித் தகட்டில் வெட்டிய இரண்டு கால்களை மாதா பீடத்தில் வைத்து நேர்ந்துகொண்டாள். நாங்கள் பின்னால் நின்றோம். அவள் சத்தமாகவே சொன்னாள்:

"இவரு தன் காலால நடந்து வந்து உன் முன்னால முழங்கால் போடுவாரு. அதுவரைக்கும், இவரு நடக்க மாட்டாருன்னு சொல்ற எந்தச் சாமானும் என் வாசப்படி ஏறாது."

நல்ல பொம்பளை. கருவாடு காயப்போட்டும் நண்டு உடைத்தும் அவனுக்குக் கஞ்சி ஊற்றியவள். அவளைக் குறை சொல்ல நான் எழுதவில்லை. ஆனால் அந்த நேர்ச்சை என்ன செய்தது என்பதைச் சொல்லித்தான் ஆக வேண்டும்.

நாற்காலி வாசப்படி ஏறவில்லை. உட்கார்ந்து பழகிவிட்டால் கால் தன் வேலையை மறந்துவிடுமாம். பொத்தல் அடைக்க வலை கொண்டுபோனோம், கை சும்மாதானே இருக்கிறது என்று. "அது காலு போனவுக செய்ற வேலை," என்று திருப்பி அனுப்பினாள். ராமநாதபுரத்திலிருந்து ஒரு அதிகாரி வந்தார், கையால் சுழற்றி ஓட்டுகிற மூன்று சக்கர வண்டி தருவதாக. இன்னாசி தலையைத் தூக்கிக் கேட்டுக்கொண்டிருந்தான். வாசலிலேயே அருளாயி அவருக்கு மோர் கொடுத்தாள், குடித்து முடித்ததும் அனுப்பிவிட்டாள்.

"வண்டிய வாங்கி நிறுத்திட்டு, மாதாவ எந்த மொகத்தோட கும்பிட?"

அவன் கிடந்த அறை ஒரு ஆள் நீட்டிப் படுக்கலாம், பக்கத்தில் ஒரு ஆள் குந்தலாம், அவ்வளவுதான். ஒரே ஜன்னல். ஜன்னலுக்கு வெளியே கைக்கெட்டும் தூரத்தில் ஐஸ் கம்பெனிச் சுவர். அந்தச் சுவரில் ஈரம் ஏறுவதையும் இறங்குவதையும் பார்த்துத்தான் அவன் வெயில் எது மழை எது என்று தெரிந்துகொண்டான். கடல் கூப்பிடு தூரம். என்ஜின் சத்தத்தை வைத்து எவன் படகு என்று சொல்வான். பார்க்க முடியாது. முதுகில் புண் வரும், ஆறும், மறுபடி வரும்.

ஆரம்பத்தில் ஞாயிற்றுக்கிழமை பூசைக்கு நாங்கள் நாலு பேரும் கட்டிலோடு தூக்கிப் போவோம். பிறகு ஒருத்தன் இருந்தால் ஒருத்தன் இருப்பதில்லை. கடல், கல்யாணம், காய்ச்சல். எங்களுக்குத் தோது இருந்தால்தான் அவனுக்கு ஞாயிறு.

பார்க்க வருகிறவர்கள் முதலில் காலைப் பார்ப்பார்கள், அப்புறம்தான் முகத்தை. "சொரணை ஏதாச்சும் வருதா இன்னாசி?" இல்லை என்றால் அவர்கள் முகம் தொங்கிப்போகும், அருளாயி முந்தானையை வாயில் வைத்துக்கொள்வாள். ஒருநாள், பாவம், "லேசா வர்ற மாதிரி இருக்கு," என்று சொல்லிவிட்டான். மறுநாளே நன்றிப் பூசை வைத்துவிட்டார்கள். அதன் பிறகு கேட்டவர்களுக்கெல்லாம் அதையே சொல்ல வேண்டியதாயிற்று.

"என்னடா மச்சான், நெசமாவே வருதா?" என்று நெய்னா கேட்டான்.

"ஒரு மண்ணும் வரல. வரலேன்னு சொன்னா, நீ நம்பல, அதான் வரலங்குறாக. வருதுன்னா, இன்னும் நம்பு எந்திரிச்சிருவேங்குறாக. எந்தப் பக்கம் போனாலும் ஐஸ் கம்பெனிச் சுவராத்தான் இருக்கு."

"ஒனக்கு நம்பிக்க இருக்கா இல்லியா?"

"சாமி இருக்குலே. ஆனா அது வெளிய இருக்கு. என்னைய வெளிய கொண்டுபோகச் சொல்லு."

இப்படியே 1990 வந்தது. அவன் விழுந்ததிலிருந்து பாஸ்குவில் அந்தக் காட்சியை எடுத்துவிட்டிருந்தார்கள். பாஸ்குவுக்கு முந்தின தபசு காலத்தில் உபதேசியார் அவன் அறைக்கு வந்தார். நானும் நெய்னாவும் வாசலில் நின்றோம், உள்ளே இடம் இல்லை.

"இன்னாசி, இந்த வருசம் அந்தக் காட்சியைப் போடப்போறோம். நீதான் படுக்கணும். ஊரே ஒருசந்தி வெரதம் இருக்கப்போவுது ஒனக்காக. அத்தன பேரும் ஒரே மனசா நம்புனா ஆண்டவர் சும்மா இருப்பாரா?"

இன்னாசி ஜன்னல் பக்கமிருந்து தலையைத் திருப்பினான்.

"அந்த எடத்த இன்னொருக்காச் சொல்லுங்க உபதேசியாரே. படுத்துக் கெடந்தவன் என்ன பேசுறான்?"

உபதேசியார் யோசித்தார். "அவனுக்குப் பேச்சு ஒண்ணும் இல்ல."

"தூக்குனவுக விசுவாசத்தப் பாத்தாரு. சரி. கூரைமேல ஏத்தட்டுமான்னு அவன்ட்ட யாராச்சும் கேட்டாகளா?"

"நல்லது செய்யக் கேக்கணுமா தம்பி?"

"நாலு பேரும் மேல நின்னுக்கிட்டாக. கயிறு அந்து விழுந்தா விழுறவன் அவனுல்ல?"

அருளாயி அடுப்படியிலிருந்து வந்தாள். அவளைப் பார்த்து அவன், "ஒண்ணு பேசிக்குவோம் அருளு. நான் படுக்குறேன். எந்திரிச்சா ஒன் நேர்ச்சை. இல்லாட்டி அந்த வண்டி..." என்று தொடங்கினான்.

"இல்லாட்டின்னு ஒரு பேச்சே இந்த வீட்ல கெடையாது," என்றாள். "அந்த ஒரு வார்த்தையிலதான் எல்லாம் கெட்டுப்போவுது. நீங்க இல்லாட்டின்னு நெனைக்கப் போயித்தான் இத்தன வருசம் கெடக்குறீக."

படுக்கிறேன் என்றான். அன்று ஒரு நாளாவது அந்த அறையை விட்டு வெளியே போகலாம் என்பதற்காகத்தான் ஒத்துக்கொண்டான் என்று அப்போது நான் நினைத்தேன்.

பாஸ்கு அன்று மண்டபம், பாம்பன், ராமேஸ்வரம் எல்லா இடத்திலிருந்தும் ஆள் வந்துவிட்டது. சேதி அப்படிப் பரவியிருந்தது. ஊனமான பிள்ளைகளை இடுப்பில் வைத்துக்கொண்டு தாய்மார் முன் வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள். அருளாயி மாதா பீடத்திலிருந்து வெள்ளிக் கால்களை எடுத்துவந்து மடியில் வைத்திருந்தாள். கூடவே ஒரு காகிதப் பை. அதில் புதுச் செருப்பு. அவனுக்கு.

சவுக்குக் கம்பு நட்டு, தென்னங்கீற்று வேய்ந்து மேடையில் ஒரு வீடு. நாங்கள் நாலு பேரும் கட்டிலோடு அவனை மேலே ஏற்றினோம். அங்கிருந்து பார்த்தால் கீற்றுக்கும் பனைக்கும் அப்பால் கடல் தெரிந்தது. அவன் தலையைத் திருப்பிப் பார்த்தான்.

"எறக்கவாடா?" என்று நெய்னா கேட்டான்.

"செத்த இரு," என்றான். "இன்னும் செத்த."

கீழே உபதேசியார் கையை ஆட்டினார். கீற்றைப் பிரித்தோம், இறக்கினோம். பழைய நாளில் இந்த இடத்தில் ஒரே சிரிப்பும் சத்தமுமாக இருக்கும். அன்று கயிறு கம்பில் உரசுகிற சத்தம் கேட்டது.

சேசு வேஷம் ராயப்பனுக்கு. ஐஸ் கம்பெனியில் கட்டி உடைக்கிறவன், தாடி சொந்தத் தாடி. அவன் கையை நீட்டி, "எந்திரி. பாயைச் சுருட்டு. வீட்டுக்குப் போ," என்றான்.

கூட்டம் முழுதும் முழங்காலில் விழுந்தது. இன்னாசி கிடந்தான். எங்கோ ஒரு பொம்பளை செபமாலை சொல்லத் தொடங்கினாள், எல்லாரும் சேர்ந்துகொண்டார்கள். ராயப்பன் மறுபடியும் சொன்னான். மூன்றாம் தரம் பாதியில் நிறுத்திவிட்டான். கண்ணில் தண்ணீர். குனிந்து மெதுவாக, "அண்ணே, நான் என்னண்ணே செய்ய?" என்றான். மைக் அதையும் பிடித்து ஊருக்கே சொல்லிவிட்டது.

"நீ ஒன் வேலையச் செஞ்சுட்டலே. தள்ளி நில்லு," என்றான் இன்னாசி. அதையும் மைக் சொன்னது.

பிறகு இரண்டு கையாலும் கட்டில் சட்டத்தைப் பிடித்து உடம்பைப் புரட்டினான். தொப்பென்று மேடையில் விழுந்தான். ஊர் ஒரே குரலாகக் கத்தியது. அவன் முழங்கையை ஊன்றி நிமிர்ந்து, கட்டிலில் கிடந்த கோரைப்பாயை இழுத்தான். சுருட்டினான். அவசரப்படவில்லை, ஓரம் ஓரமாகத் தட்டிச் சரிசெய்து சுருட்டினான். நாங்கள் விட்ட கயிற்றின் நுனியில் அதைக் கட்டி, முதுகில் மாட்டிக்கொண்டான். மேடைப் படியில் தலை முன்னால் போகக் கையூன்றி இறங்கினான்.

உபதேசியார் ஓடிவந்தார். "தூக்குங்கப்பா, பாத்துக்கிட்டு நிக்கிறீக!"

"எவனும் தொடக் கூடாது." இன்னாசி மணலில் கிடந்தபடி அவரை அண்ணாந்து பார்த்தான். "மூணு சொன்னீக உபதேசியாரே. ஒண்ணு என்னால ஏலாது. மத்த ரெண்டு ஏலும். அதச் செய்யுறேன், வழிய விடுங்க."

வழி விட்டார்கள். கையை ஊன்றி ஊன்றி, காலை இழுத்துக்கொண்டு அவன் போனான். கூத்தையா விசில் அடிக்க வாயில் விரலை வைத்துவிட்டு எடுத்துவிட்டான். முன் வரிசையில் ஒரு தாய் தன் பிள்ளையின் கண்ணைப் பொத்தினாள். இன்னொருத்தி பொத்தவில்லை.

அருளாயி பின்னாலேயே நடந்தாள். நாங்கள் அவளுக்குப் பின்னால். கோயில் தாண்டி, ஐஸ் கம்பெனிச் சந்தில் சிப்பியும் கண்ணாடியும் கிடக்கும். அவன் போன தடத்தில் ரத்தக் கோடு விழுந்தது. இரண்டு பாதமும் கிழிந்திருந்தது. அவனுக்கு அது தெரியவில்லை. அப்படியே இழுத்துக்கொண்டு போனான்.

அதை அருளாயி பார்த்தாள். ஒன்பது வருஷமாக அந்தக் காலைத் தினமும் எண்ணெய் போட்டுத் தேய்த்தவள் அவள்தான். உயிர் இல்லை என்பது அவள் விரலுக்குத் தெரியாதா? ஆனால் கால் கிழிந்து ரத்தம் ஒழுக, அந்த மனுஷன் முகத்தில் ஒரு சுளிப்புக்கூட இல்லாமல் போவதைப் பார்த்த பிறகு அவளால் எதையும் சொல்லிச் சமாளிக்க முடியவில்லை. சந்திலேயே உட்கார்ந்துவிட்டாள். முந்தானையைக் கிழித்துப் பாதத்தில் சுற்றினாள்.

"வலிக்கலையா?" என்றாள்.

"இல்ல அருளு."

"கொஞ்சங்கூட?"

"கொஞ்சங்கூட. முன்னயும் இல்ல. லேசா வருதுன்னு சொன்னது பொய்யி."

"எங்கிட்டச் சொல்லியிருக்கலாம்ல."

"சொன்னா, எனக்கு நம்பிக்க இல்லேம்ப."

அவள் அழவில்லை. வாசப்படியில் அவன் கையை ஊன்றி ஏறும்வரை நின்று பார்த்தாள். அப்புறம் நெய்னா பக்கம் திரும்பி, "அண்ணே, அந்த வண்டி எங்கன குடுக்காக?" என்று கேட்டாள்.

அந்த நேர்ச்சை என்ன ஆயிற்று என்று அவளிடம் யாரும் கேட்கவில்லை. அவளேதான் பங்குச் சாமியாரிடம் போய்க் கேட்டாள். அவர் என்ன சொன்னார் என்று எனக்குத் தெரியாது. வெள்ளிக் கால்கள் மட்டும் பழையபடி மாதா பீடத்துக்குப் போய்விட்டன. அவன் சாகும்வரை அந்தக் காலுக்காக அவள் மெழுகுதிரி கொளுத்தியதை நான் பார்த்திருக்கிறேன். அவனும் தடுக்கவில்லை.

மேடையில் ராயப்பன் அன்றைக்குச் சேசுவின் பாடுகளை நடித்து முடித்தானா என்று கேட்பார்கள். நடித்தான். ஆனால் அந்தக் காட்சியைப் பிறகு எவரும் போடவில்லை.

வண்டி வருவதற்கு ஒரு வருஷத்துக்கு மேல் ஆனது. கொண்டுவந்து இறக்கினால் வாசலில் நுழையவில்லை. அகலம் பத்தவில்லை. வண்டியை வெளியே நிறுத்தினால் உப்புக் காற்றில் இரும்பு ஒரு மழைக்குத் தாங்காது. அருளாயி வண்டியைப் பார்த்தாள், வாசலைப் பார்த்தாள். இன்னாசி உள்ளேயிருந்து சிரித்தான்.

"பாத்தியா நெய்னா? சாமி ஒருபக்கம் விட்டா, கொத்தனாரு மறுபக்கம் விட மாட்டேங்குறான்."

"கூரையவே பிரிச்ச ஆளுகடா நாங்க," என்று நெய்னா கடப்பாரை எடுத்துவந்தான். நாலு பேரும் சேர்ந்து நிலைக்கதவைப் பிடுங்கி, சுவரை ஒரு முழம் இடித்தோம். செம்மண் பூச்சு பொலபொலவென்று அவன் மேல் விழுந்தது. அவன் துடைக்கவே இல்லை.

கடலுக்குப் போய்விட்டான் என்று நினைக்காதீர்கள். சக்கரம் மணலில் ஓடாது. எங்கள் தெருவில் தார் ரோடு ஒரு இடத்தில் நின்றுவிடும், அதற்கு அப்பால் கரைவரை மணல்தான். அந்தத் தார் முடிகிற இடம்வரை வருவான். அங்கிருந்து கடல் தெரியும். கிழிந்த வலையை நாங்கள் அங்கே கொண்டுபோய்ப் போடுவோம், கண் கண்ணாகக் கட்டுவான். அதைத் தாண்டி ஒரு முழம் அவனால் போக முடிந்ததில்லை. கரை கண் முன்னால். பதினாறு வருஷம் அங்கேதான். முன்னே சுவரைப் பார்த்துக் கிடந்தான், இப்போது கடலைப் பார்த்துக் கிடந்தான் என்றும் சொல்லலாம். அவனைக் கேட்டால் அது ரெண்டும் ஒண்ணா என்று அடிக்க வருவான்.

சாவதற்கு முந்தின வருஷம், வெளியூரிலிருந்து ஒருவர் வந்தார். வெள்ளைச் சட்டை, கையில் துண்டுப் பிரசுரம். சுகமளிக்கும் கூட்டம் போடுகிறவர். தார் முனையில் வண்டியைப் பார்த்துவிட்டு நின்றார்.

"ஐயா, எத்தனை வருஷமா இப்படி?"

"அது கெடக்கு."

"முழு விசுவாசம் இருந்தால் இன்றைக்கே நீங்கள் எழும்பலாம். வேதத்தில் திமிர்வாதக்காரன்..."

"தெரியும். நானே அவந்தான்."

அவருக்குப் புரியவில்லை. நாங்கள் வலைக்குள் தலையைக் குனிந்துகொண்டு சிரித்தோம். அவர் விடாமல், கண்ணை மூடிக் கையை இன்னாசி தலைமேல் வைத்தார். செபம் நீண்டது. காற்று ஏறிவிட்டது. இன்னாசி பொறுத்துப் பார்த்தான். மெதுவாக வண்டியைத் திருப்பப் பார்த்தான், பின் சக்கரம் மணலில் இறங்கிவிட்டது. அசையவில்லை.

"ஆமென்," என்றார் அவர்.

"ஆமென்," என்றான் இன்னாசி. "நல்லா இருப்பீக. அந்தக் கைய எறக்கி, பின்னால இருந்து வண்டியக் கொஞ்சம் தள்ளிவிடுங்க. நான் வீட்டுக்குப் போவணும்."

அவர் தள்ளினார்.